கரிப் பொருக்கு

தலைப்பைப் பார்த்துட்டு, அடிப்பிடிச்ச சோத்தை என்ன பண்ணலாம்னு சமையல் குறிப்பு இருக்கும்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும் :-) இது ஒரு பூஞ்சையின் சரித்திரம். ஆனா அந்த அடிப்பிடிச்ச பாத்திரத்தைக் கொஞ்சம் மனசில் வெச்சுக்கங்க. பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டையில், வேரும் தண்டும் சேர்ற இடத்தில், யாரோ தீ வெச்சு அணைச்ச மாதிரி கறுப்பா, மேடும் பள்ளமுமா ஒரு பக்கு படிஞ்சிருக்கும். விரலால் அழுத்தினா மொறுக்குன்னு உடையும். பார்த்தால் அசல் கரிதான். நெருப்பே படாத கட்டையில் கரி.

காளான்னா நமக்கு உடனே குடைதான் ஞாபகம் வரும். இதுக்குக் குடையும் கிடையாது, காம்பும் கிடையாது. ஆத்துல தண்ணி வடிஞ்சதும் வண்டல் காய்ஞ்சு பொருக்கு விடுமே, அப்படி மரத்தோடு மரமா ஒட்டிப் பரவுற ஜாதி. இளசா இருக்கும்போது சாம்பல் நிறம், ஓரத்தில் வெள்ளைக் கரை, தொட்டா மெத்துன்னு இருக்கும். முத்தின பிறகுதான் கறுத்து இறுகும். அந்தக் கறுப்புமேல ஊசிமுனை அளவு புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்குக் கீழேயும் ஒரு சின்னக் குடுவை. வித்துத்தூள் தயாராவது அதுக்குள்ளேதான்.

பேர் வெச்ச எல்லாருக்குமே தீஞ்ச வாசனைதான் அடிச்சிருக்கு. 1787ல் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் வெச்ச பேரில் இருக்கும் 'டியூஸ்டா'வுக்கு லத்தீனில் எரிந்துபோனது என்று பொருள். 1863ல் துலான் சகோதரர்கள் 'உஸ்டுலினா'ன்னு ஒரு பேரினம் உண்டாக்கினார்கள். அதுவும் தீய்ந்ததுதான். 1970ல் இதைத் தூக்கி 'கிரெட்ஸ்மாரியா' என்ற பேரினத்தில் போட்டுவிட்டார்கள். (வாய்க்குள் நுழையாத பேரா மாத்துறதுன்னா இவங்களுக்கு ஒரு சந்தோஷம்.) வெப்பநாடுகளில் இதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருத்தன் உண்டு, உஸ்டுலினா சோனாட்டா. 1845லேயே விவரிக்கப்பட்டவன். இந்தப் பதிவின் நாயகன், வில்லன் ரெண்டும் இவன்தான். தோட்டத்துரைமார் இந்த நோய்க்கு வெச்ச பேர் 'சார்க்கோல் ஸ்டம்ப் ராட்'. கரிக்கட்டை அழுகல்.

ஐரோப்பாவில் இலை உதிர்க்கும் மரங்கள், முக்கியமா பீச் மரம், செத்து நிற்கும் இடத்தில் இந்தப் பொருக்கைப் பார்க்கலாம். அதனால் ரொம்ப காலம் இதை ஒரு வெட்டியான் மாதிரிதான் நினைச்சிருந்தாங்க. செத்ததைத் தின்னும், உயிருள்ளதைத் தொடாது; காட்டைச் சுத்தம் பண்ற ஜீவன். இந்த நல்ல பேர் முதலில் கெட்டது லண்டன்லயோ பாரிஸ்லயோ இல்லை. இலங்கைத் தேயிலை மலையிலும் மலாயா ரப்பர் காட்டிலும்தான் கெட்டது. ரெண்டு இடத்திலும் மண்வெட்டி பிடிச்சிருந்தது நம்மாட்கள். அதனாலதான் எழுத உட்கார்ந்தேன்.

கொஞ்சம் பின்னாடி போகணும். இலங்கை மலைநாட்டில் முதலில் வந்தது தேயிலை இல்லை, காப்பி. 1830களிலிருந்து காட்டை வெட்டினார்கள். வெட்டிச் சாய்த்த மரத்துக்குக் காய்ந்ததும் தீ வைப்பார்கள். கிளை, தழை எல்லாம் சாம்பல் ஆகும். பெரிய மரத்து அடிக்கட்டைகள் மட்டும் கருகி அப்படியே நிற்கும். அதைத் தோண்டி எடுக்க யாரும் மெனக்கெடவில்லை. நடுநடுவே குழி எடுத்துக் காப்பிக் கன்றை நட்டுவிட்டார்கள். ஒரு அடிக்கட்டையைத் தோண்டும் நேரத்தில் எத்தனையோ காப்பிக்குழி வெட்டிவிடலாமே! கணக்கு எளிது. காட்டு மரத்தின் வேர் மண்ணுக்குள் என்ன பண்ணிக்கொண்டிருக்கும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

இந்த வேலைக்குப் போனவங்க திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள். கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடை. வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். இது பலரும் எழுதிய விஷயம், நான் நீட்டவில்லை.

1869ல் காப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது. அதுவும் ஒரு பூஞ்சைதான். பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பார்த்துப் பேர் வெச்சவர் பெர்க்லி என்ற பாதிரியார். உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில், நோய்க்குக் காரணம் பூஞ்சைதான்னு 1846ல் எழுதியவரும் இவர்தான். துவைட்ஸ் அனுப்பிய இலங்கைப் பூஞ்சைகளைப் பெர்க்லியும் புரூமும் சேர்ந்து 1870களின் முதல் பாதியில் லின்னேயன் சங்கத்து இதழில் பட்டியல் போட்டார்கள். நம்ம பக்கத்துப் பூஞ்சைகளின் ஜாதகம் எழுதப்பட்ட முதல் நோட்டுகளில் அது ஒண்ணு. எழுதினவங்க ரெண்டு பேரும் இருந்தது இங்கிலாந்தில்!

காப்பி போச்சு. பட்டுப்போன காப்பித் தண்டுகளைச் சீவி, தேநீர் மேசைக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்கு ஏற்றுமதி பண்ணினாங்கன்னு சொல்வாங்க. காப்பி செத்து டீக்கு முட்டுக் கொடுத்த கதை :-) ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 1867லேயே 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காப்பிக்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அதே மண், அதே சரிவு, கீழே அதே பழைய வேர்கள்.

தேயிலைக்குக் காத்துத் தடுப்பும் நிழலும் வேணும்னு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மரம் வந்தது. கிரெவில்லியா, நம்ம ஊட்டி, வால்பாறைப் பக்கம் சில்வர் ஓக். சிங்களத்தில் சபுக்கு. (நம்ம சவுக்கு வேற, அது வேற. பேர்தான் பக்கத்தில் பக்கத்தில் வருது.) சீக்கிரம் வளரும், விறகுக்கும் ஆகும். வரிசை வரிசையா நட்டார்கள். வளர்ந்து நிழல் அதிகமானதும், இல்லே விறகு தேவைப்பட்டதும், வெட்டினார்கள். அடிக்கட்டையை வழக்கம்போல விட்டுவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து அந்தக் கட்டையைச் சுத்தித் தேயிலைச் செடிகள் சாக ஆரம்பிச்சது. சாவும் ஒரு மாதிரி. மெல்ல மெல்ல வாடி இலை கொட்டுறது இல்லை. நேத்து வரைக்கும் கொழுந்து கொடுத்த செடி திடீர்னு வாடும். காய்ந்த இலை உதிராமல் கிளையிலேயே தொங்கும். முதலில் ஒண்ணு, அப்புறம் பக்கத்தில் ரெண்டு, அப்புறம் ஒரு வட்டம். மேலேயிருந்து பார்த்தால் பச்சை மலையில் சொட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

1905ல் பேராதனைக்குப் பூஞ்சை நிபுணராக வந்து சேர்ந்தார் தாமஸ் பெட்ச். யார்க்ஷயர்காரர், 1870ல் பிறந்தவர், அதுக்கு முன்னாடி பள்ளிக்கூட வாத்தியார். வந்த வேகத்தில் கறையான் புற்றுக் காளான்களைப் பற்றி 1906ல் ஒரு பெரிய கட்டுரை எழுதினார் (அது தனிப் பதிவுக்கு உரிய விஷயம்). ஆனா தோட்டக்காரர்களுக்கு அவர் ரொம்ப வேண்டியவரானது வேர் நோய்களால். 1923ல் வந்த அவருடைய தேயிலை நோய்கள் புத்தகத்தில் இந்தக் கரிப் பொருக்குக்கு முக்கியமான இடம் உண்டு. 1925ல் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது முதல் இயக்குநரும் அவரே.

மண்ணுக்கு மேலே பார்த்தா எல்லா வேர் நோயும் ஒரே மாதிரிதான் இருக்கும், செடி சாகும், அவ்வளவுதான். வேரைத் தோண்டிக் கழுவிப் பார்க்கணும். வேர்மேல் மண்ணும் கூழாங்கல்லும் பிசின் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகாமல் இருந்தால் பழுப்பு வேர் நோய். சிவப்பு நூல் பின்னல் தெரிந்தால் சிவப்பு வேர் நோய். வெளியே ஒண்ணுமே இல்லாமல் வேர் சுத்தமா இருந்து, பட்டையை உரிச்சதும் உள்ளே மரத்துமேல வெள்ளை விசிறி விரிச்ச மாதிரி பூஞ்சை இழை இருந்தால் நம்ம ஆள். மரத்தைக் குறுக்கே வெட்டினால் பேனாவால் கிறுக்கின மாதிரி கறுப்புக் கோடுகள், பல இடத்தில் ரெட்டைக் கோடுகள். பொருக்கு வெளியே வர்றது கடைசியில்தான். அதுக்குள்ளே செடி கணக்கு முடிஞ்சிருக்கும்.

கறுப்புக் கோடு எதுக்குன்னு கேட்டீங்கன்னா, அது வேலி. மரத்துக்குள்ளே பூஞ்சை தன் எல்லையைச் சுத்தி ஒரு கெட்டிச் சுவர் எழுப்பிக்கும். பக்கத்து நிலத்துக்காரன் வேற பூஞ்சை. அவன் உள்ளே வரக்கூடாது, உள்ளே ஈரமும் போகக்கூடாது. இந்தக் கோடு ஓடிய மரத்துக்கு மேல்நாட்டில் கடைசல்காரர்கள் மத்தியில் நல்ல கிராக்கி. வேணும்னே கட்டையில் பூஞ்சை ஏற விட்டு, கோடு விழுந்ததும் கிண்ணம் கடைவாங்க. தோட்டக்காரனுக்கு வயித்தெரிச்சல், கடைசல்காரனுக்கு டிசைன்!

பெட்ச் கண்டதில் முக்கியம் எதுன்னா, நோய் ஆரம்பிச்ச இடத்தில் பெரும்பாலும் ஒரு கிரெவில்லியா அடிக்கட்டை இருந்தது. வெட்டின கட்டையின் பச்சைக் காயத்தில் காத்தில் வர்ற வித்து இறங்கும். கட்டை முழுக்கத் தின்று, வேர் வழியா நாலா பக்கமும் போகும். அந்த வேர் எங்கே தேயிலை வேரைத் தொடுதோ அங்கே தாண்டும். உயிருள்ள தேயிலைச் செடியைக் காத்து வழியா நேரே வந்து பிடிக்கிறது அபூர்வம். அதுக்கு ஒரு சாப்பாட்டு மூட்டை வேணும், அதை முதுகில் கட்டிக்கிட்டுத்தான் படையெடுக்கும். அந்த மூட்டையைக் கட்டிக் கொடுத்தது மனுஷன்.

இங்கேதான் எங்க பக்கத்து நடைமுறையை நினைச்சுப் பார்த்தேன். காவாந்தண்டலம், உத்திரமேரூர் சுத்துவட்டாரத்தில் சமவெளிக்காரன் ஒரு மரத்தை வெட்டினா அடிக்கட்டையை விட்டுவெச்சுப் பழக்கமில்லை. சவுக்குத் தோப்பு அறுத்தாக்கூட கட்டையை வேரோடு தோண்டி எடுத்து விறகுக் கணக்கில் விற்கிறதுண்டு. புளி, வேம்பு அடிவேர்னா செங்கல் சூளை வரைக்கும் போகும். பூஞ்சைக்குப் பயந்து இல்லை, விறகுப் பஞ்சம். வேர்க்கட்டைக்கு விலை இருக்கிற ஊரில் அது மண்ணுக்குள்ளே கிடக்காது. விறகு மலிந்த மலையில், ஆள் கூலி மட்டுமே செலவுக் கணக்கில் ஏறுகிற தோட்டத்தில், அது கிடந்தது. என் அபிப்பிராயத்தில் கரிப் பொருக்கின் சரித்திரத்தில் பாதி இந்த விலை வித்தியாசம்தான்.

வைத்தியம் என்ன? செத்த செடி, அதைச் சுத்தி இருக்கிற செடி, அடிக்கட்டை, எல்லாத்தையும் வேரோடு தோண்டி அங்கேயே எரிக்கணும். பென்சில் பருமன் வேர்கூட விடக்கூடாது. வட்டத்தைச் சுத்திக் கான் வெட்டணும் (மலையகத்தில் வாய்க்காலுக்குக் கான்). மண்ணை முள்ளால் கிளறிச் சுண்ணாம்பு போடணும். புத்தகத்தில் நாலு வரி. ஒரு முதிர்ந்த கிரெவில்லியாவின் வேரைப் பாறைச் சரிவில், அட்டைக்கடியில், மழையில் தோண்டிப் பார்த்தால்தான் அந்த நாலு வரியின் கனம் தெரியும். முதலில் மரத்தை நட்டது, பிறகு வெட்டியது, கட்டையை விட்டுவிடச் சொன்னபோது விட்டுவிட்டது, பதினைந்து இருபது வருஷம் கழித்து அதையே தோண்டச் சொன்னபோது தோண்டியது, எல்லாம் லயத்திலிருந்து பெரட்டுக்கு வந்து நின்ற அதே ஜனங்கள், இல்லே அவங்க பிள்ளைகள். பேராதனைக்கு நோய் மாதிரிகளைத் துரைமார் பார்சல் பண்ணி அனுப்புவார்கள். மண்ணிலிருந்து அந்த வேரை அறுபடாமல் எடுத்த கை யாருடையதுன்னு சொல்லணுமா என்ன? அந்தக் காலத்துத் தோட்ட இலக்கியத்தில் அவங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பேர், 'கூலி'.

இதே நேரம் மலாயாவில். இந்த இடத்தில் எங்க ஜில்லாவும் உள்ளே வருது. அப்போ காவாந்தண்டலம் செங்கல்பட்டு ஜில்லா (காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது 1997ல்). மலாயா ரப்பருக்கு ஆள் போனதில் வட ஆற்காடு, திருச்சி, தஞ்சாவூர், சேலத்தோடு செங்கல்பட்டும் உண்டு. ஆவடியில் ஒரு முகாம், நாகப்பட்டினம் பக்கம் ஒரு முகாம், அங்கிருந்து கப்பல். 1938ல் இந்திய அரசு தடை போடும் வரைக்கும் இது நடந்தது.

அங்கேயும் காட்டை வெட்டி, எரிச்சு, மிச்ச மரத்தைக் கிடந்தபடி விட்டு, நடுவில் ரப்பர் நட்டார்கள். நெருக்கமா நட்டு, வளர்ந்ததும் நடுநடுவே வெட்டிக் கலைப்பது வழக்கம். வெட்டின ரப்பர் மரத்தின் அடிக்கட்டையே பக்கத்து ரப்பருக்கு எமன் ஆச்சு. இளங்கன்றை வெள்ளை வேர் நோய் கொல்லும். வயசான மரத்தைக் கரிப் பொருக்கு. கேம்பிரிட்ஜிலிருந்து மலாயா போய் வந்த புரூக்ஸ் 1915ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதையடுத்து அங்கே விவசாய இலாகாவில் இருந்த ஷார்ப்பிள்ஸ் வருஷக்கணக்கில் இதிலேயே உழன்றார். காலையில் பால்வெட்டப் போறவங்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. பூஞ்சை அடித்தண்டைத் தின்னும்போது மேலே இலை பச்சையாவே இருக்கும், பாலும் வரும். காத்து அடிச்சால் மரம் அடியோடு முறியும்.

முறிவதும் ஒரு தினுசு. மரத்துக்கு வளையும் குணம் கொடுக்கிறது செல்லுலோஸ் நார். இந்தப் பூஞ்சை முதலில் அதைத்தான் அரிக்கும். நார் போனபிறகு மரம் மண்சட்டி மாதிரி ஆகிடும், வளையாது, பிளக்காது, படக்குன்னு உடையும். உடைஞ்ச முகம் சட்டி உடைஞ்ச மாதிரி வழவழன்னு இருக்கும்.

வேடிக்கை என்னன்னா, இங்கிலாந்தில் இதன் சகோதரன் உயிருள்ள மரத்தையும் தாக்கும்னு வில்கின்ஸ் என்பவர் வரிசையா ஆராய்ச்சிக் கட்டுரை எழுத ஆரம்பிச்சது 1934லிருந்துதான். அதுக்குள்ளே இலங்கையிலும் மலாயாவிலும் இது பழைய செய்தி. இன்னைக்கு ஐரோப்பிய நகரங்களில் பூங்கா மரத்தைச் சோதிக்கிறவங்க அடித்தண்டைச் சுத்திக் குனிஞ்சு முதலில் தேடும் பூஞ்சைகளில் இதுவும் ஒண்ணு. பச்சைப் பசேல்னு இருக்கும் பீச் மரம் நடைபாதையில் விழறதுக்கு இது காரணமாயிடுதே!

கட்டையைத் தோண்டாமலே தப்பிக்க ஒரு வழி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நியாசாலாந்தில், இன்றைய மலாவியில், தேயிலைத் தோட்டங்களில் ஆர்மில்லேரியா என்ற இன்னொரு வேர்ப்பூஞ்சையோடு மல்லுக்கட்டிய லீச் என்பவர் 1930களில் சொன்னது: மரத்தை உடனே வெட்டாதே. அடியில் சுத்திவரப் பட்டையை வளையமா உரிச்சுவிட்டு ஒண்ணு ரெண்டு வருஷம் காத்திரு. இலை செய்யும் சாப்பாடு கீழே வேருக்கு இறங்காது. வேர் தன் சேமிப்பு மாவை எல்லாம் செலவழிச்சுக் காலியா நிற்கும். அப்புறம் வெட்டினால் வேரில் ஏறுவது ஊருக்கு ஆகாத பூஞ்சை இல்லை, சும்மா மட்கவைக்கிற சாதுக்கள். படையெடுக்கக் கட்டுச்சோறு இல்லை. நிழல் மரத்தை வெட்டும் முன் பட்டை வளையம் எடுக்கச் சொல்லும் இந்த யோசனை இலங்கையிலும் நம்ம நீலகிரி, வால்பாறைத் தோட்டங்களிலும் வழிமுறையாகவே ஆகிவிட்டது. இலங்கையில் நடுவில் ஒரு காலம் மண்ணுக்குள் மெத்தில் புரோமைடு வாயு செலுத்தியும் பார்த்தாங்க. ஓசோன் ஒப்பந்தத்தில் அதுக்கு முடிவு கட்டியாச்சு. நோய் கண்ட இடத்தைத் தோண்டி, குவாதமாலா புல்லோ மானாப் புல்லோ போட்டு ஒன்றரை ரெண்டு வருஷம் மண்ணை ஆறவிட்டு மறுபடி நடுவது இன்னமும் உண்டு.

எங்க பக்கம் இந்த ஜாதிப் பொருக்குகளை யாராவது தேடிப் பார்த்தாங்களான்னா, பார்த்திருக்காங்க. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் உயராய்வு மையத்தில் நடராஜனும் கோலாண்டவேலுவும் தமிழ்நாட்டு மரங்களில் ஒட்டிப் பரவும் பொருக்குக் காளான்களுக்கு 1998ல் தனிப் புத்தகமே போட்டாங்க. அதில் வர்றது வேற வம்சம். பார்க்க ஒரே மாதிரி ஒட்டிக்கிடந்தாலும் நம்ம கரிப் பொருக்கு குடுவைக்குள் வித்து வைக்கிற கூட்டம், அவங்க வெளியே வெச்சுத் தூவுற கூட்டம். மழைக்காலத்தில் வாகை, ஒதியன் கட்டையில் வெள்ளையும் சந்தன நிறமுமா படியிற பூச்சைப் பார்த்துட்டு எல்லாத்தையும் கரிப் பொருக்குன்னு பயந்துடாதீங்க.

சில்வர் ஓக்குக்கு மர வியாபாரிகிட்ட நல்ல விலை இருக்கு. விலை பேசி முடிச்சவன் பட்டையை உரிச்சுட்டு ரெண்டு வருஷம் காத்திருக்க மாட்டான், அடுத்த வாரமே லாரி கொண்டுவருவான். மரம் போகும், அடிக்கட்டை நிற்கும்.

1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவங்களுக்காக 1968ல் அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியதே, அங்கே வேலை பார்த்த பெரியவங்க இன்னும் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்காங்க. குத்தி தோண்டின கதையைக் கேட்டால் சொல்வாங்க. நுவரெலியா, ஹட்டன், வால்பாறை, கூடலூர்ப் பதிவர்கள் யாராவது இதைப் படிச்சீங்கன்னா, வீட்டில் தாத்தா பாட்டிகிட்ட அந்தக் கரிப்பிடிச்ச கட்டைக்கு அவங்க வாயில் வழங்கின பேரையும் கேட்டு உங்க பக்கத்தில் ஒரு பதிவு போடுங்க.